வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?

தம்பி,

இன்று காலை உன்னைக் குளிப்பாட்டும்போது உன் இடது முழங்கையில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். உனக்கு இப்போது இரண்டு வயது. சோப்பு நுரையைப் பிடித்து வாயில் போடப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் கையை விடாமல் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் தேய்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டி, வெள்ளையாகச் செதில் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். நீ வீல் என்று அலறினாய். உன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். “கொசுக்கடிங்க அது! நேத்தே நான் பாத்தேன். கொழந்தய என்னா உங்க கம்பெனி மீட்டருன்னு நெனச்சீங்களா, தெனம் செக் பண்ணிக்கினு இருக்கீங்க?” என்று உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது சரி, கொசுக்கடிதான். ஆனால் நான் பொறியாளராக வேலை பார்க்கும் ஆலைக்குப் போன பிறகும் எந்த அளவுமானியின் முள்ளும் என் கண்ணில் நிற்கவில்லை. அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

இந்த மாதிரிக் கடிதங்களை அப்பாக்கள் தலை நரைத்த பிறகு, பிள்ளையின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இருபத்தெட்டு வயதிலேயே எழுதி வைக்கிறேன், நீ உனக்குப் பெண் பார்க்கும் வயதில் படித்துக்கொள். அதுவரை தள்ளிப்போட்டால் எங்கள் வீட்டு வழக்கப்படி நானும் பூசி மெழுகக் கற்றுக்கொண்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது. என் அப்பாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, இருக்கிறது. உனக்கு வரலாம். வராமலும் போகலாம். இதைப் பிறரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் யார் பெயரையும் போடவில்லை. இந்த நோயின் வம்பே அதுதான். என் தோலைப் பற்றி நான் வாயைத் திறந்தால், என் அப்பாவின் தோலையும், என் தங்கையின் கல்யாணத்தையும், இன்னும் ஒழுங்காகப் பேசக்கூடப் பழகாத உன்னையும் சேர்த்துத்தான் திறந்தாக வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள். எல்லோருடைய தோலும் உள்ளே பிறந்து, மெதுவாக மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கிறது. எங்கள் தோலுக்கு அவசரம். உடம்பின் காவல் அமைப்பு, இல்லாத எதிரியோடு சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையில் தோல் வேகவேகமாக முளைத்து, உதிர நேரமில்லாமல் குவிந்து, சிவந்த திட்டின் மேல் வெள்ளிச் செதிலாக நிற்கிறது. இது தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே துண்டில் துடைத்தால் வராது. பாவத்தால் வராது, பாம்பை அடித்ததால் வராது. ஆனால் குடும்பத்தில் இறங்கும். அதுவும் அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்குக் கட்டாயம் என்ற நேர்க்கணக்கில் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து வயரிங்கைப் போட்டு வைக்கின்றன. தொண்டைப் புண், மன உளைச்சல், காயம், சில மருந்துகள் என்று ஏதோ ஒன்று வந்து சுவிட்சைப் போடுகிறது. வயரிங் இருந்தும் கடைசிவரை விளக்கு எரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததில் எரிவதும் உண்டு. இதில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. இந்த ஒரு வரியைப் புரியவைக்கத்தான் எனக்கு இவ்வளவு பாடு.

எனக்கு சுவிட்ச் போட்டது 2004இல், சுனாமிக்கு முந்தின மழைக்காலத்தில். சிதம்பரத்தில் பொறியியல் கடைசி வருடம். தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது, போனது. காய்ச்சல் போன சில நாளில் முதுகிலும் வயிற்றிலும் யாரோ குங்குமத் தண்ணீரைத் தெளித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். என் அப்பா அப்போது சிதம்பரம் கடலூர் தடத்தில் கண்டக்டர். விடுப்புப் போட்டுவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தோல் மருத்துவர் ஒரு பெண். முதுகைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: “வீட்ல யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தைன்னு யாருக்காச்சும்?”

என் அப்பா பக்கத்து நாற்காலியில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அந்தப் பொத்தானை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை, வீட்டில் சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவார். காக்கிச் சீருடையைக்கூடத் தனியாகச் சொல்லி முழுக்கையாகத் தைத்துக்கொள்வார். “வெயில் ஒத்துக்காது, ஒடம்பு சூடு” என்பதுதான் வீட்டில் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காலையில் அவர் பாயை என் அம்மாதான் முதல் ஆளாக உதறிப் பெருக்குவாள், எங்களைத் தொடவிடமாட்டாள். அதுவும் சூடுதான். அந்த வார்த்தையைத் தாண்டி நாங்கள் யோசித்ததே இல்லை.

“இல்லிங்க மேடம்,” என்றார் அப்பா. “எங்க வம்சத்துலயே கெடையாது.”

மருத்துவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அந்த நகத்தில் ஊசியால் குத்தியதுபோலக் குழிக்குழியாக இருக்கும், அதுவும் இந்த நோயின் ஓர் அடையாளம். அப்பா சொன்னதையே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அப்பா எனக்குப் பழச்சாறு வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

அந்த ‘இல்லை’ எனக்கு என்ன செய்தது தெரியுமா? வீட்டில் யாருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் வந்திருக்கிறது என்றால் நான்தான் ஏதோ செய்திருக்கிறேன் என்று நம்ப வைத்தது. சோப்பை மாற்றினேன். வேதியியல் ஆய்வகத்தைக் குறை சொன்னேன். நண்பர்களோடு தேவனாம்பட்டினம் கடலில் இறங்குவதை விட்டேன். படித்த பையன், காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்ற திமிர் வேறு. காரணம் என் பக்கத்து நாற்காலியிலேயே பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தது.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதே. ஒருமுறை கடலூரிலிருந்து அவர் பேருந்திலேயே கடைசி இருக்கையில் வந்துகொண்டிருந்தேன். பரங்கிப்பேட்டை பிரிவில் ஏறிய ஒரு அம்மா, டிக்கெட் கிழிக்கும் அவர் நகத்தைப் பார்த்துவிட்டு, காசை இருக்கையின் மேல் வைத்து, “டிக்கெட்ட அங்கயே வையி, கைல குடுக்காத” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே டிக்கெட்டை இருக்கையின் மேல் வைத்தார். மீதிச் சில்லறையையும் அதன்மேல் அழகாக அடுக்கி வைத்தார். பிறகு “ரைட், ரைட்” என்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் குரல் கொடுத்தார். நகத்துக்கே இப்படி என்றால் முழங்கையைக் காட்டினால் என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்குத் தினசரி பாடம். அது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் சரியாகிவிடாது.

2009இல் எனக்குப் பெண் பார்த்தார்கள். கடலூர் மஞ்சக்குப்பம், கணக்கு டீச்சர், அவள் அப்பா மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். உன் அம்மாவைத்தான் சொல்கிறேன். பெண் பார்க்கப் போகும் முன்பே என் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், எனக்கு இருப்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு என்று. “சொல்லிட்டேன்டா, அவுங்க ஒண்ணும் பெருசா எடுத்துக்கல” என்றாள். நிச்சயம் முடிந்தது, பத்திரிகை அடித்தாயிற்று. பிறகுதான் பேச்சுவாக்கில் தெரிந்தது, அவள் சொன்னது “பையனுக்கு லேசா தூசு அலர்ஜி” என்று.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் நலங்கு. மாப்பிள்ளையைச் சட்டையைக் கழற்றி மணையில் உட்காரவைப்பார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் வரிசையாக வந்து கையிலும் காலிலும் மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள், முழங்கால், தோள், தலை என்று அருகம்புல்லால் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். எனக்குத் திட்டுகள் இருந்தது முழங்கை, முழங்கால், கணுக்காலுக்கு மேலே. நலங்குக்கென்றே அளந்து வைத்த மாதிரி. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

“நலங்குக்கு ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சிரு. பளிச்சுனு ஆயிடும். கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திக்கலாம். ஒங்கப்பா எல்லா விசேஷத்துக்கும் இதத்தான் போட்டுக்குவாரு.”

தம்பி, எனக்கு அந்த இடத்தில்தான் தலைக்குள் ஏதோ டக்கென்று பொருந்தியது. “எல்லா விசேஷத்துக்குமா?” என்று கேட்டேன். “பின்ன? சட்டைய மீறி கழுத்துல கிழுத்துல தெரிஞ்சா?” என்றாள்.

என் அப்பாவைப் பற்றி உறவில் ஒரு பெரிய குறை உண்டு. எந்தக் கல்யாணத்திலும் சாப்பிடமாட்டார். மொய் எழுதுவார், ஒரு சோடாவைக் குடிப்பார், கிளம்பிவிடுவார். கேட்டால் “கல்யாணச் சாப்பாடு ஒத்துக்காது. கத்திரிக்கா தின்னா அடுத்த வாரம் ஒடம்பெல்லாம் வெடிச்சிரும்” என்பார். அது பொய் இல்லை. எனக்கு நினைவு தெரியாத வயதில் நடந்த கல்யாணங்களில் அவர் சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிஜமாகவே வெடித்திருக்கிறது, வேலைக்குப் போக முடியாமல் சுருண்டு கிடந்திருக்கிறார். கத்திரிக்காய்தான் என்று முடிவு செய்து பந்தியை விட்டார். பந்தியை விட்ட பிறகும் விசேஷம் முடிந்தால் வந்தது. சரி, அங்கே குடித்த தண்ணீர், அங்கே பட்ட புகை என்று காரணத்தை மாற்றிக்கொண்டார்கள். மாத்திரையை ஒருவரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அதுதான் நல்லது செய்த மாத்திரை.

அட்டையை எடுத்துக்கொண்டு அதே தோல் மருத்துவரிடம் தனியாகப் போனேன். பார்த்ததும் முகம் சுளித்தார். ஸ்டீராய்டு. “இது சட்டுனு அடக்கும். சட்டுனு நிறுத்துனா முன்னவிட மோசமா திரும்பி வரும். சில பேருக்கு ஒடம்பு முழுக்கச் செவந்து ஆபத்துல கொண்டு விட்ரும். அதனாலதான் இந்த நோய்க்கு நாங்க இத வாயால குடுக்கத் தயங்குவோம். யாரு குடுத்தா ஒனக்கு?” என்றார். எனக்குப் புரியும் பாஷையில் சொன்னால், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வை மூடுகிற வேலை. மூடின நேரம் ஒரு சொட்டு வெளியே வராது. திறக்கிற நொடியில் தெறிக்கும். ஆலையில் ஒருவன் அப்படிச் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். என் வீட்டில் அதை நல்ல நாள் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரே அட்டையைப் போட்டுக் கத்தினேன். பதமாகச் சொல்லத் தெரியாது எனக்கு. கத்திரிக்காய் இல்லை, இதுதான் என்றேன். மருத்துவர் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல நான் சாப்புட்டு இருக்கலாமா?” என்றார். “அன்னிக்கி எலய விட்டு எழுந்து போனேன்னு அக்கா இன்னும் எங்கூடப் பேசல.”

என் வாயில் வந்ததெல்லாம் வேறு. “நான் மாத்திரை போட மாட்டேன். பொண்ணு வீட்டுல போயி சொல்லப் போறேன்” என்றேன். அப்போதுதான் என் அம்மா வெடித்தாள்.

“எங்கிட்ட யாருடா சொன்னாங்க? கல்யாணம் ஆயி வந்தப்பறம் ஒங்கப்பா முதுக பாத்துதான் எனக்கே தெரியும். நான் என்னா ஓடியா போயிட்டேன்?”

“நீ ஓடல. ஆனா இத்தினி வருஷமா அதப்பத்தி அவருகிட்ட ஒரு வார்த்த பேசுனியா?”

“பேசுனா போயிடுமா? நீ போயி ஒனக்கு இருக்குன்னு சொன்னா, ஒன் தங்கச்சிக்கும் இருக்கும்னுதான பேசுவாங்க? அவள யாரு கட்டுவா? நீ கட்டி வப்பியா?”

அது நியாயமான கேள்வி. என் தங்கை, உன் அத்தை, அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இன்னும் வரவே இல்ல. வராததையும் சேத்து நான் ஒளிக்கணுமா? எனக்கு அவ்ளோ நடிப்பு வராதும்மா. அண்ணன் போயி சொல்லட்டும்.” நான் கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். “ஒனக்கு இருக்கறத சொல்லு. அது ஒன் இஷ்டம். எம்பேர இழுக்காத” என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

மஞ்சக்குப்பம் கடையில் மாமா, உன் அம்மாவின் அப்பா, ஒரு தண்ணீர் மோட்டாரின் கருகிய கம்பியைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க மாப்ள, வெயில்ல எதுக்கு...” என்றவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினேன். பெயரைச் சொன்னேன். தூசு அலர்ஜி இல்லை என்றேன். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்கவில்லை.

“தொத்துமா?”

“தொத்தாது மாமா.”

“தீந்துடுமா?”

“தீராது. அடக்கி வச்சிக்கலாம்.”

“பத்திரிக்க குடுத்து முடிச்சப்பறம் வந்து சொல்றீங்களே, இது நல்லாருக்கா?” அவர் கேட்டது சரிதான். “கொழந்தைக்கு வருமா?” என்றார் அடுத்து.

“வரலாம். வராமயும் போலாம்.”

“வராதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்யா!” என்று கத்தினார். அது கோபம் இல்லை தம்பி, கெஞ்சல். அந்த ஒரு பொய்யைக் கொடுத்திருந்தால் அவர் நிம்மதியாகக் காயில் கட்டப் போயிருப்பார். “சொல்ல முடியாது மாமா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு கேட்டார்: “ஒங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

அதே கேள்வி. ஐந்து வருடம் முன்பு அதே கேள்விக்கு என் அப்பா சொன்ன பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொல்லச் சொல்லித்தான் வாசலில் அப்பாவும் கேட்டுக்கொண்டார். இது அவர் தோல், இதை அவிழ்த்துக் காட்ட எனக்கு என்ன உரிமை என்று ஒரு பக்கம். இல்லை என்று சொல்லிவிட்டால் நாளைக்கு என் பிள்ளை பக்கத்தில் நான் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன் என்று இன்னொரு பக்கம். “அப்பாவுக்கு இருக்கு” என்றேன். மாமா தலையைக் குனிந்து மறுபடி கம்பியைப் பிய்க்க ஆரம்பித்தார். “சரி, போய்ட்டு வாங்க” என்றார். காபி சொல்லவில்லை.

வீட்டில் வந்து அப்பாவிடம் அதையும் சொன்னேன். வேலைக்குப் போனார், வந்தார், என்னைத் தவிர எல்லோரிடமும் பேசினார். மஞ்சக்குப்பத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் என் அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். எனக்கோ அந்த உளைச்சலில் திட்டுகள் இன்னும் சிவந்து, இருந்த இடத்தைவிட்டுப் பரவின. மாத்திரை அட்டை அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

உன் அம்மாவே கூப்பிட்டாள். பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பேசினாள், பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். “எங்கப்பா காயில் கட்டறத விட்டுட்டு சும்மா ஒக்காந்துனு இருக்காரு. என்னா சொன்னீங்க அவருகிட்ட, முழுசா எங்கிட்டயும் சொல்லுங்க” என்றாள். முழுசாகச் சொன்னேன். மருத்துவரிடம் அப்பா சொன்ன ‘இல்லை’ முதல் மாத்திரை அட்டைவரை. நடுவில் நிறுத்தினாள்.

“இருங்க. நிச்சயதார்த்தத்துல ஒங்கப்பா சாப்புடாம போனாரே, அது இதுக்கா?”

“ஆமா.”

“அடப்பாவமே! எங்க வீட்டு எலய சம்பந்தி தொடலன்னு எங்கம்மா அன்னிலேந்து பொலம்பிக்கினு இருக்காங்க. நம்மள மட்டமா நெனக்கிறாங்கன்னு. எங்கப்பாவுக்கு அதுதான் ஜாஸ்தி கோவம், தெரியுமா?” பிறகு குரலை இறக்கினாள். “ஒண்ணு கேக்கறேன். நாளைக்கி நமக்கு ஒரு கொழந்தை பொறந்து, அதுக்கு வந்து, டாக்டரு ஒங்கள கேட்டா என்னா சொல்லுவீங்க?”

“இருக்குன்னு சொல்லுவேன்.”

“கொழந்தைகிட்ட?”

“அதுகிட்டயும் சொல்லுவேன்.”

“இப்ப எங்கிட்ட சொல்றா மாதிரி உர்ருனு மூஞ்ச வச்சிக்கினா?”

“என் மூஞ்சியே அப்படித்தான்.”

அவள் சிரித்தாள். “சரி. எங்கப்பாகிட்ட நான் பேசறேன். பெல் அடிச்சிட்டாங்க” என்று வைத்துவிட்டாள். இந்தக் கடிதம் அன்று அவளுக்குக் கொடுத்த வாக்கு.

மாமா சம்மதித்து, குறித்த நாளில் நலங்குக்கு மணையில் உட்கார்ந்தபோது முழங்கை மிளகாய் அரைத்துப் பூசியது போலிருந்தது. மண்டபத்தில் கேமராக்காரன் விளக்கை வேறு நேராக என் மேல் போட்டான். பின்வரிசையில் ஒரு குரல், “என்னாது அது கைல?” என்றது. வேறொரு குரல் அதை அடக்கியது. முதல் ஆளாக உன் அம்மாவின் அம்மா கிண்ணத்தோடு வந்து என் எதிரே குனிந்தார். பார்த்தார். கை அப்படியே நின்றது. என் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “எரியுமா தம்பி?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். “மஞ்சள் எரியும் அத்தை. சந்தனம் பரவால்ல” என்றேன். மஞ்சள் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு முழங்கையிலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். அவருக்குப் பிறகு எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. சிலர் நெற்றியை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி அருகம்புல் நுனியால் எட்ட நின்று தொட்டாள். அவரவர் கணக்கு அவரவருக்கு.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் அப்பா வழக்கம்போல மண்டபத்து ஓரத்தில் சோடாவோடு நின்றார். அவரும் இந்த முறை மாத்திரை போடவில்லை. எப்படித் தெரியும் என்றால், காலருக்கு மேலே ஒரு திட்டு வெளியே தெரிந்தது. மாமா நேராக அவரிடம் போனார். “சம்பந்தி, எல போட்டாச்சு. வாங்க.” அப்பா பழக்கத்தில், “இல்லிங்க, எனக்கு ஒத்து...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். தூரத்திலிருந்த என்னைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார். போய் உட்கார்ந்தார்.

முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு இலையில் சாம்பார் சோறு பிசைய முடியாது தம்பி. இவ்வளவு வருடமாக அவர் பந்தியை ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். ஒரு மடிப்பு மடித்தார், சோறு விழுந்ததும் இன்னொரு மடிப்பு, குழம்பு வந்ததும் முழங்கை வரைக்கும். பக்கத்திலிருந்தவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். மாமா மறுபக்கம் உட்கார்ந்து, “கத்திரிக்கா இங்க ஜாஸ்தியா வையிப்பா” என்று பரிமாறுகிறவனை அதட்டினார். என் அம்மா அப்பாவின் கையைப் பார்க்கவில்லை. யார் யார் அந்தக் கையைப் பார்க்கிறார்கள் என்று பந்தி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயந்தது பாதி பலித்தது. போன வருடம் உன் அத்தைக்கு நல்ல இடம் ஒன்று கூடிவந்து, விசாரித்துவிட்டு விலகிப் போனது. “ஒன்னாலதான்” என்று என் அம்மா இன்றும் சொல்கிறாள். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உன் அத்தை, “போனா போறாங்க, கல்யாணத்துக்கு அப்பறம் போகாம இப்பவே போனாங்களே” என்கிறாள். சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டாள். உண்மை சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. செலவு உண்டு, அதைச் சில சமயம் சொன்னவன் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் கொடுக்கிறார். தெரிந்துகொண்டு சொல். சொல்லாமலிருக்க அதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதே.

கல்யாணம் முடிந்து வாரங்கள் போயின. அப்பாவுக்கு வெடிக்கவில்லை. கத்திரிக்காய் சாப்பிட்டும் வெடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் என்னிடம், “அந்த டாக்டரம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா?” என்று கேட்டார். அழைத்துப் போனேன். இந்த முறை நான் பக்கத்து நாற்காலி. அவர் சட்டையைக் கழற்றியபோது நான் முதன்முறையாக அவர் முதுகைப் பார்த்தேன், என் முதுகை யாரோ படம் எடுத்துக் காட்டியது மாதிரி. மருத்துவர் அவரை அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை, காட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் பார்த்து முடித்துப் பேனாவை எடுத்தார். “வீட்ல வேற யாருக்காவது?”

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. “எம் மவனுக்கு இருக்கு மேடம்,” என்றார். “எங்கிட்டேந்து போனது.”

நாளையிலிருந்து உன் முழங்கையைத் திருப்பிப் பார்க்கமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். முடிகிறதா பார்க்கலாம். வராமலே போய்விட்டால் இந்தக் கடிதத்தை வைத்துச் சிரி. அப்போதும் உனக்குப் பெண் கொடுக்கிறவர்களிடம் சொல்லிவிடு, வயரிங் உன்னிடம் இருக்கலாம். வந்துவிட்டால், ஒருநாள் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு மருத்துவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையும் கேட்பார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தால் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன், எனக்குப் பொறுமை கிடையாது. நான் இல்லாவிட்டால் நீ கூரையைப் பார்க்காதே, பொத்தானைத் தடவாதே. சொல்:

“இருக்குங்க. எங்கப்பாவுக்கு. அவுங்கப்பாவுக்கும்.”